பொன் தீர்ந்த ஊரும் கிலுகிலுப்பைப் பாம்புகளும்

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், லாஸ் வேகஸிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தூரத்தில் ரயோலைட் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஊர் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். குடிநீர்க் குழாய் கிடையாது, கடை கிடையாது, இரவு தங்க இடம் கிடையாது. மூன்று மாடி வங்கி ஒன்றின் சுவர்கள் கூரையில்லாமல் வெயிலில் நிற்கின்றன. ஜன்னல் இருந்த இடங்களிலெல்லாம் வானம் தெரிகிறது. அதைப் படம் பிடிக்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். வருபவர்களுக்கு இந்த நிலத்தைப் பராமரிக்கும் அரசுத் துறை விடுக்கும் எச்சரிக்கைகளில் ஒன்று: இங்கே கிலுகிலுப்பைப் பாம்புகள் உண்டு, ஜாக்கிரதை.

ஆங்கிலப் படங்களில் வாலைச் சிலிர்த்துக்கொண்டு கௌபாயின் குதிரையை மிரள வைக்குமே, அதே ராட்டில்ஸ்நேக்தான்.

1904 ஆகஸ்டில் ஷார்ட்டி ஹாரிஸ், எட் கிராஸ் என்ற இரண்டு பேர் இந்தக் குன்றுகளில் தங்கம் தேடி அலைந்தார்கள். கிடைத்த பாறை பச்சையும் மஞ்சளுமாகத் தவளையின் முதுகைப் போல இருந்ததால் சுரங்கப் பகுதிக்கே ‘புல்ஃபிராக்’ என்று பெயர் விழுந்தது. செய்தி பரவியதும் கூட்டம் வந்து குவிந்தது. 1905-ல் கூடாரங்களாக இருந்த இடம் இரண்டே ஆண்டுகளில் மின்விளக்கு, தொலைபேசி, மருத்துவமனை, இசை அரங்கு, பங்குச் சந்தை என்று சகல வசதிகளோடும் நகரமாகிவிட்டது. மக்கள்தொகை உச்சத்தில் 3,500 இருந்தது என்பாரும் உண்டு, 5,000 என்பாரும் உண்டு. எஃகுத் தொழிலில் கோடீஸ்வரரான சார்லஸ் ஷ்வாப் 1906-ல் இங்கிருந்த மிகப் பெரிய சுரங்கத்தை விலைக்கு வாங்கினார். ரயில் பாதையும் வந்தது. 1908-ல் 90,000 டாலர் செலவில் எழுந்த குக் வங்கிக் கட்டடத்துக்குப் படிக்கட்டுக்கான பளிங்கு இத்தாலியிலிருந்து இறங்கியது.

மரம்தான் இல்லை. பாலைவனத்தில் பலகைக்கு எங்கே போவது? டாம் கெல்லி என்ற முதியவர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஊரில் மதுக்கடைகளுக்குக் குறைவில்லை; காலி பாட்டில்களுக்கும் குறைவில்லை. பல்லாயிரக்கணக்கான பீர் பாட்டில்களை மண்சாந்தில் பதித்து ஒரு வீடே கட்டிவிட்டார். பாட்டில்களின் அடிப்பாகங்கள் வரிசை வரிசையாக வெளியே தெரியும் அந்தச் சுவர் இன்றும் இருக்கிறது.

அதற்குள் காற்று திசை மாறியிருந்தது. 1906-ல் சான் ஃபிரான்சிஸ்கோவை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. 1907-ல் அமெரிக்காவையே ஒரு பெரும் பண நெருக்கடி உலுக்கியது. புதிய முதலீடு நின்றது, தாதுவின் தரமும் எதிர்பார்த்தபடி இல்லை. பிள்ளைகள் பெற்றோரோடு ஊரைக் காலி செய்துகொண்டிருந்த 1909-ல் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றைக் கட்டி முடித்தார்கள் என்பது அந்தக் காலத்து மனநிலைக்கு நல்ல சான்று. 1911-ல் ஷ்வாபின் சுரங்கம் மூடப்பட்டது. 1916-ல் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். 1920 வாக்கில் எஞ்சியிருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

போனவர்கள் சும்மா போகவில்லை. கதவு, ஜன்னல், உத்தரம் என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிக்கொண்டு போனார்கள். சில கட்டடங்களே முழுசாகப் பக்கத்து ஊரான பீட்டிக்கு இடம் மாறின. விட்டுப்போனவை கழற்ற முடியாதவை: கல் சுவர்கள், கான்கிரீட் அடித்தளங்கள், நிலவறைகள், துருப்பிடித்த தகரங்கள், பாறைக் கழிவின் குவியல்கள், மலையைக் குடைந்த சுரங்க வாய்கள், செங்குத்தாக இறங்கும் குழிகள். ஒரு கிலுகிலுப்பைப் பாம்பைக் கூப்பிட்டு உனக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டுப் பட்டியல் போட்டிருந்தாலும் இதைவிடப் பொருத்தமாக அமைந்திருக்காது.

பாம்புகள் இங்கே புதிதாகக் குடிவந்தவை அல்ல. ரயோலைட்டைச் சுற்றியுள்ள பாறைச் சரிவுகளில் வாழ்வது பெரும்பாலும் பானமின்ட் கிலுகிலுப்பைப் பாம்பு. அருகிலுள்ள டெத் வேலிப் பள்ளத்தாக்கின் மேற்கு விளிம்பாக நிற்கும் பானமின்ட் மலைத்தொடரின் பெயர் அது. இந்தப் பாம்புக்கு 1930-ல் அறிவியல் பெயர் சூட்டியவர் லாரன்ஸ் கிளாபர். சான் டியேகோவில் மின்சார, எரிவாயு நிறுவனம் ஒன்றின் பொறியாளர். பின்னாளில் அதன் தலைவராகவும் உயர்ந்தவர். உயிர்க்காட்சிச் சாலையில் பாம்புகளை அடையாளம் சொல்ல ஆள் இல்லை என்று கூப்பிட்டதால் இந்தத் துறைக்குள் வந்து, கடைசியில் 1956-ல் கிலுகிலுப்பைப் பாம்புகளைப் பற்றி இரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார். இன்றும் ஆராய்ச்சியாளர்கள் முதலில் புரட்டுவது அந்தப் புத்தகத்தைத்தான். முழுநேர விஞ்ஞானிகள் சாதிக்காததை ஓய்வுநேரத்தில் சாதித்த மனிதர் என்று அவரைச் சொன்னால் மிகையில்லை.

பானமின்ட் பாம்பின் நிறம் அது வாழும் பாறையைப் பொறுத்தது. பழுப்பு, சாம்பல், வெளிர்மஞ்சள் என்று ஊருக்கு ஊர் மாறும். இடிந்த சுவரின் நிழலில் அது சுருண்டு கிடக்கும்போது பார்ப்பவர் கண்ணுக்கு முதலில் படுவது ஒரு கல். பிறகு கல்லின் மேல் மங்கலான பட்டைகள் தெரியும். அதற்கும் பிறகுதான் பட்டைகளுக்கு நடுவே, கண்ணிமை இல்லாமல், செங்குத்துக் கோடாக ஒடுங்கிய கருவிழியோடு தலை தெரியும். அந்தக் கணம் வரை அது அசையாது, ஒலி எழுப்பாது. ஒளிந்திருப்பதுதான் அதன் முதல் தற்காப்பு. தன்னை இன்னும் யாரும் பார்க்கவில்லை என்று அது நம்பும் வரையில் வாலை ஆட்டித் தன்னைக் காட்டிக்கொடுக்க அதற்கு என்ன அவசியம்?

வாலில் இருப்பது மணியோ பரலோ அல்ல. நம் நகத்தில் உள்ள அதே கெரட்டின் பொருளாலான வெற்றுக் கூடுகள், ஒன்றுக்குள் ஒன்று தளர்வாகக் கோத்தவை. உள்ளே எதுவும் கிடையாது. கூடுகள் ஒன்றோடொன்று மோதுவதுதான் சத்தம். ஒவ்வொரு முறை தோல் உரிக்கும்போதும் புதிதாக ஒரு கூடு சேரும். கூடுகளை எண்ணி வயதைச் சொல்லிவிடலாம் என்று சுரங்கத் தொழிலாளர்கள் நம்பினார்கள், இன்றும் பலர் நம்புகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேலும் தோல் உரியும், நுனிக் கூடுகள் கல்லில் உரசி ஒடிந்தும் போகும் என்பதால் அந்தக் கணக்கு நிற்காது. வாலை அசைக்கும் தசை முதுகெலும்புள்ள விலங்குகளிலேயே மிக வேகமானவற்றில் ஒன்று. உடம்பு சூடாக இருந்தால் விநாடிக்கு 90 முறைகூட அதிரும்.

ஆஸ்திரியாவின் கிராஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போரிஸ் ஷன்யோவும் சக ஆய்வாளர்களும் 2021-ல் ஒரு வேடிக்கையான விஷயத்தை வெளியிட்டார்கள். ஆள் நெருங்க நெருங்க வாலின் அதிர்வு விநாடிக்கு 40 வரை படிப்படியாக ஏறுகிறது. இன்னும் நெருங்கினால் சட்டென்று 60-க்கும் 100-க்கும் இடைப்பட்ட வேகத்துக்குத் தாவிவிடுகிறது. அந்தத் தாவலைக் கேட்பவர் காதுக்குப் பாம்பு உண்மையில் இருப்பதைவிடக் கிட்டத்தில் வந்துவிட்டது போலத் தோன்றும். மெய்நிகர் காட்சியில் மனிதர்களை நடக்கவிட்டுச் சோதித்தபோதும் இதே ஏமாற்றம்தான். அதாவது பாம்பு எச்சரிப்பது மட்டுமல்ல, எச்சரிக்கையில் கொஞ்சம் மிகைப்படுத்தவும் செய்கிறது.

பாலைவனத்தில் பாம்புக்கு எமன் மனிதனல்ல, தரை. டெத் வேலியில் 1913 ஜூலை 10 அன்று பதிவான காற்றின் வெப்பம் 56.7 டிகிரி செல்சியஸ். 1972 ஜூலையில் அங்கே தரையின் வெப்பம் 93.9 டிகிரி என்று அளந்திருக்கிறார்கள். ரயோலைட் மலைமேல் இருப்பதால் அவ்வளவு கொடுமை இல்லை என்றாலும், கோடைப் பகலில் அதன் மண்ணும் கொதிக்கத்தான் செய்யும். தன் உடம்பில் வெப்பத்தை உண்டாக்கவோ வியர்த்துத் தணிக்கவோ முடியாத விலங்குக்கு 45 டிகிரியை எட்டுவதே சாவுதான். குளிர்காலத்து இரவிலோ தண்ணீர் உறையும். இந்த இரண்டு கோடிகளுக்கும் நடுவில் பிழைத்திருக்க வேண்டுமென்றால் வெயிலும் நிழலும் ஆழமும் அடுத்தடுத்து கிடைக்க வேண்டும். சுரங்கம் அதைத்தான் கொடுக்கிறது. சுரங்கத்துக்குள் ஆழமாகப் போனால் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலை. வாசலில் காலை வெயில், நான்கு அடி உள்ளே நிழல், இன்னும் உள்ளே குளிர்காலத் தூக்கத்துக்கான இடுக்கு.

தகரமும் அப்படித்தான். பாம்பு ஆராய்ச்சியாளர்கள் ஓர் இடத்தில் என்னென்ன ஊர்வன இருக்கின்றன என்று கணக்கெடுக்கப் பலகையையும் தகரத்தையும் வேண்டுமென்றே தரையில் போட்டு வைத்து, சில வாரம் கழித்துக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். ரயோலைட்டில் அந்த வேலையை நூறு வருஷத்துக்கு முன்பே சுரங்கக்காரர்கள் செய்து வைத்துவிட்டார்கள்.

வீடு இருந்தால் போதுமா, சாப்பாடு? அங்கேதான் எலிகள் வருகின்றன. பாழடைந்த சுரங்க ஊர்களில் பெரிய கை பேக்-ரேட் என்ற எலி. கண்ணில் பட்ட குச்சி, எலும்பு, ஆணி, பாட்டில் மூடி எல்லாவற்றையும் இழுத்து வந்து இடிபாட்டின் மூலையில் குப்பைமேடாகக் குவித்து அதற்குள் குடியிருக்கும். வழியில் அதைவிடப் பளபளப்பாக ஏதாவது தென்பட்டால் வாயிலிருப்பதைக் கீழே போட்டுவிட்டு அதைத் தூக்கிக்கொள்ளும். காலையில் எழுந்து கரண்டியைத் தேடியவனுக்குக் கரண்டியிருந்த இடத்தில் ஒரு சுள்ளி கிடைக்கும். அதன் சிறுநீர் இறுகிப் படிகமாகிவிட்டால் அந்தக் குப்பைமேடு பல்லாயிரம் ஆண்டுகள் கெடாமல் கிடக்கும். பாலைவனத்தில் பனியுகத்தின்போது என்ன செடிகள் வளர்ந்தன என்பதை விஞ்ஞானிகள் இந்த மேடுகளைக் கிளறித்தான் தெரிந்துகொண்டார்கள். 1849-ல் கலிஃபோர்னியாவின் தங்கத்தை நோக்கி இந்தப் பாலையைக் கடந்த ஒரு கூட்டம், பாறை இடுக்கில் பளபளத்த இந்தப் படிகத்தை மிட்டாய் போன்ற ஏதோ ஒன்று என்று நினைத்துத் தின்று, வயிற்றைப் புரட்டியதாக அவர்களில் ஒருவரான வில்லியம் மேன்லி பின்னாளில் எழுதி வைத்தார். பசி எதையும் தின்ன வைக்கும்.

இருட்டில் அந்த எலியைப் பாம்பு எப்படிக் காண்கிறது? கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே இருபக்கமும் ஒவ்வொரு குழி. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் குழிவிரியன்களுக்கும் இதே குழிகள்தான் அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தன. இரண்டும் ஒரே கிளையைச் சேர்ந்தவை. குழிக்குள் கட்டப்பட்ட மெல்லிய சவ்வு, வெதுவெதுப்பான உடம்பிலிருந்து வரும் வெப்பக் கதிரை உணர்ந்து, எலியின் உருவத்தை மூளைக்குக் காட்டிவிடும். சவ்வின் நரம்புகளில் அந்த வெப்பத்தை உணரும் புரதம் எது என்பதை 2010-ல் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்கூடம் கண்டுபிடித்தது. கடுகின் காரம் மூக்கில் ஏறும்போது நமக்கு எரிச்சலைத் தெரிவிக்கும் புரதத்தின் இன்னொரு வடிவம்தான் அது. வெப்பத்தையும் தொடுதலையும் உடல் உணரும் விதத்தை விளக்கியதற்காக ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது.

எலிகளும் ஏமாளிகள் அல்ல. பேக்-ரேட் இனங்கள் சிலவற்றின் ரத்தத்துக்கு இந்த நஞ்சைத் தாங்கும் சக்தி கணிசமாக உண்டு. சமவெளி மணலில் வாழும் கங்காரு எலிக்கோ வேறு உத்தி: எகிறுதல். சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரூலன் கிளார்க்கும் சக ஆய்வாளர்களும் இரவில் அதிவேகக் கேமராக்களை வைத்துப் பாம்பு கொத்துவதையும் எலி தப்பிப்பதையும் படம் பிடித்தார்கள். பாம்பின் தலை எலியை எட்ட விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. எலி அதற்கும் முந்திக்கொண்டு, சராசரியாக ஒரு விநாடியின் ஆயிரத்தில் 70 பங்கு நேரத்தில் தாவிவிடுகிறது; சில எலிகளுக்கு 38 பங்கே போதுமாயிருந்தது. காற்றிலேயே உடம்பை முறுக்கிப் பின்னங்காலால் பாம்பின் முகத்தில் ஓர் உதையும் கொடுக்கிறது. மனிதன் கண் சிமிட்டி முடிப்பதற்குள் இவ்வளவும் நடந்து முடிந்திருக்கும்.

அந்த மணல்வெளிப் பாம்பு பானமின்ட் அல்ல. சைட்விண்டர் என்ற சிறிய வகை. கண்ணுக்கு மேல் கொம்பு போல நிமிர்ந்த செதில்கள் இருக்கும். உடம்பைப் பக்கவாட்டில் வீசி வீசிப் போவதால் மணலில் தொடர்ந்த கோடாக இல்லாமல், ஒன்றுக்கொன்று சாய்வான தனித்தனி வளைகோடுகளாகத் தடம் விழும். காலையில் ரயோலைட்டுக்குக் கீழே உள்ள வெளியில் நடப்பவர் பாம்பைப் பார்க்காமலே அது எந்தத் திசையில் போனது என்று படித்துவிடலாம். நமக்குத் தெரிந்த சுருட்டை விரியனும் இதே நடை நடக்கும். செதிலோடு செதிலை உரசி எச்சரிக்கைச் சத்தமும் எழுப்பும். வட, தென் அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே கிலுகிலுப்பைப் பாம்பே கிடையாது. ஆனால் நமீபியாவின் மணலில் கைவிடப்பட்ட வைரச் சுரங்க ஊரான கோல்மன்ஸ்கோப் இருக்கும் நமிப் பாலையிலும் பக்கவாட்டில் நடக்கும் ஒரு விரியன் இருக்கிறது. மணல் கேட்கும் நடையை வெவ்வேறு கண்டத்துப் பாம்புகள் தனித்தனியாகக் கற்றுக்கொண்டிருக்கின்றன.

தண்ணீர் இன்னொரு கவலை. மழை பெய்யும் அரிதான நாளில் கிலுகிலுப்பைப் பாம்புகள் வெளியே வந்து உடம்பைத் தட்டையாகச் சுருட்டி வைத்துக்கொள்ளும். முதுகுச் செதிலின் நுண்ணிய மேடு பள்ளங்களில் துளிகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். தலையைத் திருப்பித் தன் உடம்பிலிருந்தே உறிஞ்சிக் குடிக்கும். பட்டினி கிடப்பதிலும் சாமர்த்தியம் உண்டு. மாதக்கணக்கில் இரை கிடைக்காவிட்டால் உடம்பின் செலவைப் பாதிக்கும் கீழே குறைத்துக்கொள்ள அவற்றால் முடியும். முட்டையிடுவதில்லை, குட்டிதான். பல இனங்களில் தாய் ஆண்டுதோறும் ஈனுவதும் இல்லை. பிறந்த குட்டிகள் முதல் தோலை உரிக்கும் வரை, ஒரு வாரம் பத்து நாள், தாய் அவற்றோடு பாறை இடுக்கிலேயே கிடந்துவிட்டுப் பிறகு போய்விடும். நிதானமாகப் பெருகி நீண்ட நாள் வாழும் இத்தகைய விலங்கைக் கண்ட இடத்தில் அடித்துப் போட்டால் அந்த இடம் மறுபடி நிரம்பப் பல வருஷம் பிடிக்கும்.

ரயோலைட் உயிரோடு இருந்த காலத்தில் பாம்பு கடித்தால் கத்தியால் கீறி ரத்தத்தை உறிஞ்சித் துப்பினார்கள். விஸ்கியை வாயில் ஊற்றினார்கள். கடியில் பிழைத்தவர்கள் சிகிச்சையால் பிழைத்தார்களா, சிகிச்சையைத் தாண்டிப் பிழைத்தார்களா என்பதே சந்தேகம். இன்றைய மருத்துவர்கள் கீறாதே, கட்டாதே, ஐஸ் வைக்காதே, மோதிரத்தைக் கழற்று, மருத்துவமனைக்கு ஓடு என்கிறார்கள். பீட்டி சிறிய ஊர். முழு வசதியுள்ள மருத்துவமனைக்கு லாஸ் வேகஸ் வரை போக வேண்டியிருக்கும். நஞ்சுமுறி மருந்தின் ஒரு குப்பி ஆயிரக்கணக்கான டாலர். ஒருவருக்கு அரை டஜன் குப்பிகளுக்கு மேலும் தேவைப்படலாம். கடி உயிரைப் பறிக்காவிட்டாலும் மருத்துவமனைப் பில் ஆளைச் சாய்த்துவிடும்.

அமெரிக்கா முழுவதும் நச்சுப்பாம்பு கடித்து ஆண்டுதோறும் ஏழு, எட்டாயிரம் பேர் சிகிச்சைக்கு வருகிறார்கள். இறப்பவர்கள் ஐந்து பேர் அளவில்தான். கடிபடுபவர்களில் கையில் கடி வாங்குபவர்கள் நிறையப் பேர். நடந்து போகிறவன் காலில்தானே கடிக்க வேண்டும்? கையில் கடி வாங்க வேண்டுமென்றால் தகரத்தைத் தூக்கியிருக்க வேண்டும், சுவரின் இடுக்கில் விரலை விட்டிருக்க வேண்டும், அல்லது பாம்பையே பிடிக்கப் போயிருக்க வேண்டும். ரயோலைட்டுக்கு வருகிறவர்களுக்கு இடிபாட்டின் மேல் ஏறும் ஆசையும், பழைய பாட்டில் துண்டு கிடைக்குமா என்று கிளறும் ஆசையும் அடக்க முடியாமல் வருகின்றன. அவர்கள் அதிகம் வருவது வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும். பாம்புகள் பகலில் வெளியே வந்து வெயில் காய்வதும் அதே மாதங்களில்தான். கோடையில் பாம்பு இரவுக்கு மாறிவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகும், இந்த ஊரில் பாம்பைவிடப் பயப்பட வேண்டியது வேறொன்று. நெவாடாவில் கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளும் குடைவுகளும் லட்சத்தைத் தாண்டும். அவற்றில் ஏறத்தாழ 50,000 ஆபத்தானவை என்று மாநிலக் கனிமத் துறை மதிப்பிடுகிறது. மேலே மக்கிய பலகை, கீழே நூறு அடிப் பள்ளம். உள்ளே ஆக்ஸிஜன் தீர்ந்த காற்று. சில இடங்களில் வெடிக்காமல் கசிந்துகொண்டிருக்கும் பழைய டைனமைட். பாம்பாவது வாலை ஆட்டும். பாம்புக்குப் பயந்து காலைத் தூக்கித் தூக்கி வைக்கும் அதே மனிதர் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு சுரங்க வாய்க்குள் நுழைவதைத் தடுக்கத்தான் அங்கே பலகைகளும் வேலிகளும் போட்டிருக்கிறார்கள்.

எல்லாக் குழிகளையும் மூடிவிடலாமே என்று கேட்கலாம். ஒவ்வொரு குழியையும் மூடுவதற்கு முன் உள்ளே என்ன வாழ்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க மேற்கில் வௌவால் இனங்கள் பல இன்று குட்டி வளர்ப்பதும் குளிர்காலம் கழிப்பதும் இந்தச் சுரங்கங்களில்தான். அதனால் காலியான குழிகளை மண்ணாலோ, ஊற்றினால் பொங்கி இறுகும் ஒருவகை நுரையாலோ அடைக்கிறார்கள். வௌவால் இருக்கும் வாய்களுக்குக் கனமான இரும்புக் கம்பிக் கதவு போடுகிறார்கள். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே சுமார் 15 சென்டிமீட்டர் இடைவெளி. ஆள் நுழைய முடியாது, வௌவால் சிறகை மடக்காமல் பறந்து போகும். கிலுகிலுப்பைப் பாம்புக்கு அந்தக் கதவு இருப்பதே தெரியாது.